நூறு கன்றுகளும் வாரத்துக்கு இரண்டு வாளித் தண்ணீரும்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், வைத்தியத் துறையில் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டை முன்னிட்டு மட்டக்குளியில் நூறு மரம் நடுவோம் என்ற யோசனை எமது வட்ஸ்அப் குழுவில் வந்ததில் இருந்து அந்தக் குழு உறங்கவே இல்லை. கனடாவில் உள்ளோர் பத்துக் கன்றுக்குப் பணம் தருவதாகச் சொன்னார்கள். அவுஸ்திரேலியாவில் உள்ளோர் பதினைந்து என்றார்கள். பெயர்ப்பலகை பித்தளையிலா, கருங்கல்லிலா என்று இரண்டு நாள் விவாதம் நடந்தது. மகிழ்ச்சியான விடயந்தான். ஆயினும் நாம் எல்லோரும் கொவிட் காலத்தைக் கடந்து வந்தவர்கள். எந்த நல்ல வேலையையும் இனித் தொடங்கும்போது, "ஊர் மூடினால் இது என்னவாகும்?" என்று கேட்காமல் தொடங்கலாகாது. வைத்தியசாலைகளில் நாங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டோம். மரம் நடும் சங்கங்களும் கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பேச்சு.

ஊர் எப்படி மூடியது என்பதை முதலில் நினைவூட்டிக்கொள்வோம். 2020 மார்ச் 13 ஆம் திகதி முதல் பாடசாலைகள் மூடப்பட்டன. மார்ச் 20 மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் வந்தது. கொழும்பில் அது மே மாதக் கடைசிப் பகுதி வரை நீடித்தது. அந்த வருடம் ஒக்டோபரில் மினுவாங்கொடைக் கொத்தணி, அதன் பின்னே பேலியகொடை மீன்சந்தைக் கொத்தணி. பேலியகொடை எமக்குப் பக்கத்து வீடு போன்றது. ஒக்டோபர் நான்காம் வாரத்தில் மட்டக்குளி, முகத்துவாரம், புளூமெண்டல் என்று வடகொழும்பின் பொலிஸ் பிரிவுகள் மூடப்பட்டன. மேல் மாகாணத்தின் மற்றப் பகுதிகளில் தளர்த்திய பிறகும் எங்கள் பக்கத்தில் பல இடங்கள் வாரக்கணக்கில் மூடியே கிடந்தன. பிறகு 2021 மே மாதம் 21 ஆம் திகதி தொடங்கி ஒரு மாதம் பயணக்கட்டுப்பாடு. ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை தனிமைப்படுத்தல் ஊரடங்கு.

இதையெல்லாம் ஒரு கன்றின் பக்கத்தில் நின்று பாருங்கள். கொழும்பில் நடுவதற்கு ஏற்ற காலம் ஒக்டோபரும் நவம்பரும். இடைப்பருவ மழை அப்போதுதான் நன்றாகப் பெய்யும். அந்த மழையில் நட்ட கன்று ஜனவரி, பெப்ரவரி வரட்சியைத் தாண்ட வேண்டும். 2019 ஒக்டோபரில் நட்ட கன்றுக்கு 2020 மார்ச்சில் ஐந்து மாத வயது. வேர் இன்னும் ஆழம் போயிருக்காது. மார்ச் வெயில் எப்படியானது என்பது தகரக்கூரை வீட்டில் வளர்ந்த எவருக்கும் தெரியும். சரியாக அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்ற வந்தவர்கள் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டார்கள். பாடசாலைகளில் நட்ட கன்றுகளின் கதி இன்னும் மோசம். அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள் பிள்ளைகள். பிள்ளைகள் ஒரு வெள்ளிக்கிழமை முதல் வரவில்லை.

இரண்டாவது மூடல் வேறு விதமாகப் பாதித்தது. அது மழைக்காலத்திலேயே வந்ததால், நட்டிருந்த கன்றுகளுக்கு வானம் தண்ணீர் ஊற்றியது. நட இருந்த கன்றுகளோ நாற்றுமேடையிலேயே கிடந்தன. கறுப்புப் பொலித்தீன் பையில் வளரும் கன்றை நீண்ட காலம் நடாமல் வைத்தால் வேர் பைக்குள்ளேயே வட்டமிட்டுச் சுருண்டுவிடும், அல்லது பையைத் துளைத்துத் தரையில் இறங்கிவிடும். பிறகு அதை எடுத்து நட்டாலும் செழிப்பாக வளராது. வெளியே இருந்து பார்த்தால் இலை பச்சையாகத்தான் இருக்கும். ஆகவே ஊர் மூடுவது மரநடுகையை ஒரே விதமாகத் தாக்குவதில்லை. வெயிலில் மூடினால் நட்டது போகும். மழையில் மூடினால் நடவேண்டியது போகும். இரண்டுக்கும் வெவ்வேறு ஆயத்தம் வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. இது தொற்றுக்கு முந்தியது. ஆனால் தொற்றைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கணக்கு எமக்குக் கிடைக்கவில்லை. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு, கண்டல் மரங்கள் கடற்கரையைக் காக்கும் என்ற நம்பிக்கையோடு நாட்டின் பல கரைகளில் கண்டல் நட்டார்கள். பணம் தாராளமாக வந்தது. ருகுணுப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பெல்ஜிய நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து அந்த இடங்களைத் திரும்பப் போய்ப் பார்த்து, 2017 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 23 இடங்கள். நட்ட பரப்பு ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேயர். வெற்றியாக நின்றது 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டும். 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றே மூன்று: கற்பிட்டி, பம்பளை, நீர்கொழும்பு.

என்ன காரணம்? இடத்துக்குப் பொருந்தாத இனத்தை நட்டது. நீரோட்டத்தையும் நிலத்தின் உயரத்தையும் பார்க்காமல் நட்டது. மாடு மிதித்தது. இவற்றோடு, நட்ட பின் பார்த்துக்கொண்டார்களா இல்லையா என்பது பிழைப்பதைப் பெரிதும் தீர்மானித்தது. கவனியுங்கள், அந்த வருடங்களில் தொற்றுக்கால ஊரடங்கு எதுவும் இல்லை. தொற்றின் பெயரால் வந்து பார்க்க யாரும் தடை போடவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். அதனால் தொற்றுக்காலம் மரங்களைக் கொன்றது என்று நாம் சொல்லும்போது கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். முன்னரே இருந்த ஒரு பழக்கத்தைத் தொற்றுக்காலம் எல்லோருக்கும் தெரியும்படி செய்தது. வீதியோரங்களில் கம்பிக்கூடு நிற்கும், உள்ளே காய்ந்த குச்சி நிற்கும், கூட்டில் நட்டவரின் பெயர் பளபளக்கும். இதை நாம் எத்தனை ஊர்களில் பார்த்திருக்கிறோம்!

எங்கள் தொழிலில் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. பிரசவ நாளன்று வைத்தியசாலை வாசலில் கூட்டம் நிற்கும். பூங்கொத்து, பலூன், படம் எல்லாம் இருக்கும். ஆனால் அந்தக் குழந்தை முதலாவது பிறந்தநாளைக் காண்பது பெரும்பாலும் வேறொருவரின் வேலையில் தங்கியிருக்கிறது. அவர்தான் பொதுச் சுகாதார மருத்துவ மாது. நாம் "மிட்வைப் மிஸ்" என்று கூப்பிடும் அந்தப் பெண். 1926 இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியபோது அமைக்கப்பட்ட அந்த முறை இன்றும் நாட்டின் முதுகெலும்பு. அதன் சூட்சுமம் மிக எளியது. ஒவ்வொரு மாதுக்கும் எல்லை குறித்த ஒரு பிரிவு. அந்தப் பிரிவில் எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் கைக்குழந்தை என்று பதிவேடு. அவர் வீட்டுக்கு வருவார், தாய் கையில் ஓர் அட்டை இருக்கும், அட்டையில் நிறைக்கோடு இருக்கும். கோடு கீழே சரிந்தால் திரும்ப வருவார். செல்வந்த நாடுகள் பல வியக்கும்படி இந்தச் சின்னத் தீவு தாய் சேய் மரணத்தைக் குறைத்ததில் பெரிய இயந்திரங்களைவிட இந்த நடைக்குப் பங்கு அதிகம்.

மரநடுகைச் சங்கங்கள் பெரும்பாலும் பிரசவ அறையை மட்டும் கட்டுகின்றன. மருத்துவ மாதை நியமிப்பதில்லை. எமது நூறு மரத்துக்கு நாம் முன்வைப்பது இதுதான்: கன்றுக்கு முன் ஆளைத் தேடுவோம். மரத்தில் இருந்து நடந்து போகும் தூரத்தில் வசிக்கும் ஆள்.

நடந்து போகும் தூரம் என்பதை வற்புறுத்துகிறோம். ஊரடங்கு அனுமதிப்பத்திரம் அத்தியாவசிய சேவையாளருக்கு உரியது. மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற அதைக் கேட்பது சரியல்ல, கேட்டாலும் தரக்கூடாது. வெள்ளவத்தையில் இருந்து வானில் வந்து மட்டக்குளியில் தண்ணீர் ஊற்றும் திட்டம் முதல் நாளிலேயே நின்றுவிடும். 2022 இல் பெற்றோல் வரிசை வந்தபோது கொவிட் இல்லாமலேயே அது நின்றிருக்கும். அந்த வருடம் தண்ணீர் பவுசரைக் கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

2021 மே, ஜூன் மாதங்களையும் நினைத்துப் பாருங்கள். எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்தது. 1,500 தொன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் மணிகள் அதில் இருந்தன. அவை மேற்குக் கரை நெடுகிலும் வெள்ளை மணலாக ஒதுங்கின. நாட்டில் கடற்கரைச் சுத்தத்துக்கு இளைஞர் சங்கங்கள் எத்தனையோ உண்டு. பயணக்கட்டுப்பாடு காரணமாக அவர்களால் உடனே இறங்க முடியவில்லை. கடற்படையினரும் இராணுவத்தினரும் பாதுகாப்பு உடையோடு அள்ளினார்கள். தொண்டர்களின் ஆர்வத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆர்வம் பொலிஸ் பிரிவைத் தாண்டி வரமுடியவில்லை.

எமது பாடசாலை வளவையே பாருங்கள். மாதக்கணக்காக வாசல் பூட்டிக் கிடந்தும் அந்த மரங்கள் நின்றன. காரணம், வளவுக்குள்ளேயே குடியிருந்த காவலாளியின் குடும்பம். உடுப்புத் தோய்த்த தண்ணீரை அவர்கள் வீணாக்கவில்லை. எந்தத் திட்ட அறிக்கையிலும் அந்தக் குடும்பம் இல்லை. நூற்றாண்டு மலரில் ஒரு வரியாவது அவர்களுக்கு இருக்கட்டும் என்று மலர்க்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஆனால் ஒரு வீட்டை மட்டும் நம்பவும் முடியாது. தொற்று வந்த வீட்டின் கதவில் அறிவித்தல் ஒட்டி, பதினான்கு நாள் வெளியே வராதே என்றார்கள். சில சமயம் ஒரு தோட்டம் முழுவதையும், ஒரு தொடர்மாடி முழுவதையும் மூடினார்கள். அதனால் ஒவ்வொரு கன்றுக்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மரத்துக்கு முன்வீடு. மற்றவர் வேறு ஒழுங்கை, வேறு வாசல். இருவரும் ஒரே தொடர்மாடியில் இருந்தால் அது இரண்டு பேர் அல்ல, ஒருவர்தான்.

பணத்துக்கு வருவோம். ஊர் மூடினால் சங்கங்களின் பணம் உடனே உலர் உணவுப் பொதிக்குப் போகும். போகத்தான் வேண்டும். துறைமுகத்தில் நாட்கூலிக்குப் போனவர், முச்சக்கரவண்டி ஓட்டியவர், வீட்டு வேலைக்குப் போன அம்மா எல்லோரும் ஒரே நாளில் வருமானம் இழந்த ஊர் இது. அரிசியா கன்றா என்று வந்தால் அரிசிதான். இதில் எமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்த அரிசியையும் கன்றையும் ஒரே கையில் சேர்க்க முடியும் என்று சிலர் செய்து காட்டியிருக்கிறார்கள். பாகிஸ்தானில் 2018 இல் தொடங்கிய ஆயிரம் கோடி மரத் திட்டம் உண்டு. 2020 இல் அங்கே முடக்கம் வந்தபோது, முதலில் அந்த வேலையும் நின்றது. பிறகு ஏப்ரலில், வேலையிழந்த நாட்கூலியாட்களை நாற்றுமேடைக்கும் நடுகைக்கும் எடுக்க அரசு அனுமதித்தது. அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு வேலை கிடைத்ததாக அப்போது அறிவித்தார்கள். நாட்கூலி 500 முதல் 800 பாகிஸ்தான் ரூபா வரை. முகக்கவசம் போட்டு, ஆளுக்கு ஆள் இரண்டு மீற்றர் விட்டு வேலை. அரசாங்கத்தின் அளவில் எம்மால் செய்ய முடியாது, தேவையும் இல்லை. அவர்கள் கன்றுக்கான பணத்தைச் சாப்பாட்டுப் பணமாக மாற்றிய விதத்தை எடுத்துக்கொள்ளலாம்.

எமது நாட்டிலும் முன்மாதிரி உண்டு. 2015 இல் சுதீச எனப்படும் சிறு மீனவர் சம்மேளனமும், அமெரிக்காவின் சீகொலஜி அமைப்பும், அரசாங்கமும் சேர்ந்து கண்டல் காடுகளைக் காக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கின. அதன் மையம் சிலாபத்துக்கு அருகே உள்ள பம்பளை. கரையோரக் கிராமங்களில் 15,000 பேருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, தொழிற்பயிற்சியும் சிறுகடனும் கொடுப்பது, பதிலுக்கு அவர்கள் தம் ஊர்க் கண்டலைக் காப்பது என்பது ஏற்பாடு. முன்னே சொன்ன ஆய்வில் பாதிக்கு மேல் பிழைத்த மூன்று இடங்களில் ஒன்று அதே பம்பளை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கென்யாவில் வங்காரி மாத்தாய் அம்மையார் 1977 இல் தொடங்கிய பசுமைப் பட்டி இயக்கம் இன்னும் நுட்பமாகச் செய்தது. நட்ட கன்றுக்கு அல்ல, பிழைத்த கன்றுக்கே பெண்களுக்குச் சிறு தொகை. இது நல்ல விதி. ஆனால் எங்கள் ஊருக்கு இதை அப்படியே கொண்டு வர எமக்கு மனமில்லை. கொள்கலன் லொறி பின்னுக்கு எடுக்கும்போது கன்று நசுங்கினால் அதற்கு அந்த அம்மா என்ன செய்வார்? ஆடு கடித்தால்? ஆகவே பாதி மாதாந்தம் நிலையாக, பாதி உயிரோடு நிற்கும் கன்றின் எண்ணிக்கைக்கு என்று வைப்போம். ஆறு மாதத்துக்கான அந்தப் படி எப்போதும் வங்கியில் தனியாகக் கிடக்க வேண்டும். ஊர் மூடும் நாளில் நன்கொடை தேடி ஓடக்கூடாது. அன்று அந்தப் படி அந்த வீட்டுக்கு அரிசியாகும், அந்த வீடு கன்றுக்குத் தண்ணீராகும்.

கன்று தானாகச் சில நாள் தாக்குப்பிடிக்கவும் நாம் உதவலாம். இதெல்லாம் எங்கள் அம்மம்மாமாருக்குத் தெரிந்த வித்தைகள். குழியின் அடியில் தேங்காய்ப் பொச்சை உள்பக்கம் மேலாக அடுக்கி மண் போட்டால் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்கும். மேலே சருகும் தென்னோலையும் மூடாக்காகப் போட வேண்டும், தண்டோடு ஒட்டாமல். ஆளுயரக் கன்று படத்துக்கு அழகு. முழங்கால் உயரக் கன்றுதான் வேகமாக வேர்விடும், குறைந்த தண்ணீரில் பிழைக்கும். எமது மண் ஆற்றுமுகத்து மணல், உப்புக்காற்று வேறு. பூவரசும் புன்னையும் வேம்பும் இதைத் தாங்கும். வெளிநாட்டுப் பூமரம் வேண்டாம் என்று சொன்னால் சில தோழியர் கோபிப்பார்கள், இருந்தாலும் சொல்லி வைக்கிறோம். முதல் மாதங்களுக்கு வாரம் இரண்டு வாளி போதும். தினமும் ஒரு செம்பு ஊற்றுவதைவிட இது நல்லது. ஆழமாக நனைந்தால் வேரும் ஆழமாகப் போகும்.

இங்கே வைத்தியர் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. தண்ணீர் சேமிக்கிறோம் என்று கன்றின் அருகே பாதி வெட்டிய போத்தல், சிரட்டை, பழைய டயர், திறந்த வாளி வைக்காதீர்கள். 2017 இல் இந்த நாட்டில் 186,000 க்கு மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது. அந்த வருடம் எங்கள் வாட்டுகளில் ஒரு கட்டிலுக்கு இருவர். நுளம்புக்கு ஒரு மூடியளவு தெளிந்த தண்ணீர் போதும். ஒரு தொற்றுக்குப் பயந்து இன்னொன்றை வளர்க்கக் கூடாது. டயருக்குள் கன்று நடும் அழகை இந்தப் பக்கத்தில் அடியோடு விட்டுவிடுவோம். நாற்றுப் பையையும் குழியடியில் கழற்றிப் போட்டுவிட்டு வராதீர்கள், அதிலும் மழைத்தண்ணீர் நிற்கும்.

நடும் நாளைப் பற்றியும் கேட்டார்கள். தொற்றுப் பரவும் காலத்தில் நடலாமா? திறந்த வெளியில், காற்றில், மண்வெட்டி பிடித்து நிற்பதில் ஆபத்து குறைவு. ஆபத்து முழுவதும் அதற்கு முன்னும் பின்னும்தான்: வானில் பன்னிரண்டு பேர் நெருக்கி வருவது, நட்டு முடிந்ததும் தோளோடு தோள் உரசிப் படம் எடுப்பது, சிறிய அறையில் முகக்கவசம் கழற்றித் தேநீரும் கட்லட்டும் சாப்பிடுவது. அதனால் ஒரு வீட்டார் இருவர் ஒரு கன்று, தங்கள் மண்வெட்டி, நேரம் பிரித்து வருகை, உரை கிடையாது. எங்கள் சங்கத்தில் உரை இல்லாமல் ஒரு நிகழ்ச்சியா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. தொற்றுக்கு அந்த ஒரு நன்மையாவது இருக்கட்டும்.

மேற்பார்வைக்கு மருத்துவ மாதின் அட்டையையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கன்றுக்கும் ஓர் அட்டை: நட்ட திகதி, இனம், பொறுப்பான இருவர், மாதாமாதம் உயரம், புதுத் தளிர் உண்டா இல்லையா. மாதம் ஒரு படம் கைத்தொலைபேசியில் வரும். அந்த டேட்டாவுக்கான ரீலோட் செலவு சங்கத்தினுடையது. இதைச் சொல்லாமல் விட்டால் அந்தச் செலவு அந்த அம்மாவின் தலையில் விழும். இறந்த கன்றையும் அப்படியே அட்டையில் எழுத வேண்டும். எழுதினால் திட்டுவார்கள் என்ற பயம் வந்தால் எல்லாக் கன்றும் காகிதத்தில் உயிரோடு இருக்கும். வைத்தியசாலையில் மரண விசாரணை செய்வது யாரையும் தூக்கில் போட அல்ல, அடுத்த நோயாளிக்காக.

காக்கைத்தீவுக் கரையில், களனி கங்கை கடலோடு சேரும் இடத்தில், கண்டல் நடலாமே என்று சிலர் சொன்னார்கள். அந்த இடம் எங்கள் சிறுபராயத்து இடம், ஆசை எமக்கும் உண்டு. ஆயினும் 23 இடங்களின் கணக்கைச் சொல்லிவிட்டு இதற்கு ஆம் என்று சொல்ல முடியாது. கண்டலுக்கு ஒரு சாண் உயர வித்தியாசம்கூட உயிர் மரண விடயம். கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும், கண்டல் படித்தவர்களின் ஆலோசனையும் இல்லாமல் அங்கே இறங்க வேண்டாம். ஏற்கெனவே நிற்கும் கண்டலில் சிக்கும் பொலித்தீனை அகற்றினாலே அது பெரிய உதவி.

வீட்டுத்தோட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். 2020 இல் அரசாங்கம் பத்து இலட்சம் வீட்டுத்தோட்டம் என்று இலக்கு வைத்து விதை கொடுத்தது. ஒன்றரைப் பேர்ச்சில் வீடு கட்டிய எமது ஒழுங்கைகளில் தோட்டத்துக்கு இடம் எங்கே என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனாலும் தொட்டியில் ஒரு கறிவேப்பிலை, மதிலோரம் ஒரு முருங்கை வைத்த வீடுகள் உண்டு. அவற்றைக் கவனித்துப் பாருங்கள். தினமும் சமையலுக்குக் கை போகும் மரத்துக்குத் தண்ணீர் மறப்பதில்லை. பொது மரம் பார்க்கும் வீட்டுக்கு ஒரு முருங்கைக் கன்றும் சேர்த்துக் கொடுப்போம்.

இவ்வளவும் சொன்ன பின், யோசனையைத் திருத்தி முன்வைக்கிறோம். ஒரே நாளில் நூறு வேண்டாம். வருடத்துக்கு இருபத்தைந்து, நான்கு வருடம். ஒரு வருடம் ஊர் மூடினால் அந்த வருடத்து இருபத்தைந்துதான் தள்ளிப்போகும். நாற்றுமேடையிலும் அந்த அளவுக்குத்தான் கன்று வளர்ப்போம், தேங்கினால் பெரிய பைக்கு மாற்றலாம். ஒரு வீட்டுக்கு ஐந்து கன்றுக்கு மேல் கொடுக்கக் கூடாது. அப்படியென்றால் முதல் வருடத்துக்கு எமக்குத் தேவை ஐந்து வீடுகளும், அவற்றுக்கு மாற்றாக இன்னும் ஐந்து வீடுகளும். சேரும் ஒவ்வொரு 100 ரூபாவிலும் 20 ரூபா நடுவதற்கு, 80 ரூபா மூன்று வருடம் பார்ப்பதற்கு. பித்தளைப் பெயர்ப்பலகை மூன்றாவது வருட முடிவில், மரம் நின்றால். அதிலும் பணம் தந்தவர் பெயரோடு பார்த்தவர் பெயரும் இருக்க வேண்டும்.

இதை ஏற்றால் நூற்றாண்டு ஆண்டில் படம் எடுக்க நூறு மரம் இருக்காது, இருபத்தைந்துதான் இருக்கும். மலரின் அட்டைக்கு அது குறைவாகத் தெரியலாம். செயற்குழு அடுத்த கூட்டத்தில் வாக்கெடுக்கிறது. யோசித்து வாருங்கள்.

வெளிநாட்டில் உள்ள தோழியருக்கு ஒரு வேண்டுகோள். ஒருமுறை பெரிய தொகை அனுப்புவதைவிட, மூன்று வருடத்துக்கு மாதாமாதம் சிறு தொகை என்று வங்கிக்கு நிலைக்கட்டளை கொடுங்கள். நீங்கள் இருக்கும் ஊர் மூடினாலும் அது வந்துகொண்டிருக்கும். மாதத்துக்கு ஒரு படம் உங்கள் தொலைபேசிக்கு வரும். அதில் நீங்கள் ஓடித் திரிந்த ஒழுங்கையும் ஓர் ஓரத்தில் தெரியும்.

இதுவரை மூன்று வீட்டார் சம்மதித்திருக்கிறார்கள். இருவர் எமது பழைய மாணவியர், ஒருவர் எமது மாணவி ஒருத்தியின் அம்மம்மா. இன்னும் இரண்டு வீடுகளும், மாற்று வீடுகள் ஐந்தும் வேண்டும். மண்டப வாசலில் மேசை மேல் ஒரு கொப்பி இருக்கிறது. பெயரோடு ஒழுங்கையையும், குழாய் வீட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதையும், பகலில் வீட்டில் யார் இருப்பார் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். கன்றுகள் ஒக்டோபர் முதல் வாரத்தில் தயாராகிவிடும்.